வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை

டிசம்பர் பிறந்து இரண்டாவது ஞாயிறு கழிந்தால் போதும், எங்கள் பங்குக் கோவிலில் குடில் வேலை தொடங்கிவிடும். சிமெண்ட் சாக்குத் தாளைக் கசக்கிச் சாயம் தெளித்தால் மலை. கண்ணாடித் துண்டைப் பதித்தால் குளம். குளத்தின்மேல் பிளாஸ்டிக் வாத்து. முன்கூட்டியே தட்டில் கேழ்வரகை விதைத்து முளைக்க வைத்த நாற்று, புல்வெளி. சுரூபங்கள் எல்லாம் ஒரே வருஷத்தில் ஒரே கடையில் வாங்கியவை இல்லை; அதனால் வாத்து ஒட்டகத்துக்குச் சமமாக நிற்கும், இடையர் ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே பசை போட்டு ஒட்டிய தழும்பு தெரியும். யாரும் கண்டுகொள்வதில்லை. சீரியல் பல்பும் போட்டாயிற்று என்றால் நடுவில் ஒன்றே ஒன்றுதான் குறையும். தொட்டியில் வைக்கோல் இருக்கும், குழந்தை இருக்காது. அது சாமான் அறை அலமாரியில், பட்டுத் துணி சுற்றி, கோவில்பிள்ளையின் பூட்டுக்குள் இருக்கும். நள்ளிரவுப் பூசையில் சாமியார் அதைக் கையில் ஏந்திவந்து கிடத்தும்வரை தொட்டி காலிதான்.

"குழந்தை எங்கே?" என்று கேட்டால் கோவில்பிள்ளை, "இன்னும் பொறக்கலையே தம்பி" என்பார், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

சிறுவயதில் அந்தக் காலித் தொட்டியைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பின்னாளில் குடில் பிறந்த கதையைப் படித்தபோது ஒரு சங்கதி என்னை நிறுத்தியது. உலகத்துக் குடில்களுக்கெல்லாம் தாய் என்று சொல்லப்படும் அந்தக் குடிலில் நள்ளிரவுக்குப் பிறகும் தொட்டி காலியாகவே இருந்தது. குழந்தை இல்லை. மாதா இல்லை, சூசையப்பர் இல்லை, இடையர் இல்லை, மூன்று ராஜாக்கள் இல்லை. வைக்கோல் இருந்தது, ஒரு மாடும் ஒரு கழுதையும் நின்றன. இரண்டுக்கும் உயிர் இருந்தது.

இடம் கிரேச்சோ. இத்தாலியில், ரோம் நகருக்கு வடக்கே, ரியேட்டிப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கும் சின்ன ஊர். வருஷம் 1223. ஆள், அசிசி நகரத்துப் பிரான்சிஸ்.

குடிலின் சரக்கெல்லாம் அவர் கண்டுபிடித்தது என்று சொன்னால் தப்பாகிவிடும். லூக்கா நற்செய்தியில் குழந்தையைக் கிடத்திய இடம் மட்டும்தான் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் அதை 'முன்னணை' என்றது. இப்போதைய பொது மொழிபெயர்ப்பு 'தீவனத் தொட்டி' என்கிறது. (முன்னணை அழகான சொல். ஆனால் மாட்டுக்குத் தீனி வைக்கிற இடம் என்ற நினைப்பு இன்று அந்தச் சொல்லில் யாருக்கும் வருவதில்லை. தொட்டி என்றதும் வந்துவிடுகிறது.) மாடும் கழுதையும் லூக்காவில் கிடையாது. அவை எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்திலிருந்து நடந்து வந்தவை: மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் எசமானின் தொட்டியை அறியும், ஜனங்களுக்குத்தான் தெரியவில்லை என்று அங்கே ஒரு மனத்தாங்கல் வருகிறது. நான்காம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டிகளில் பிறப்புக் காட்சியைச் செதுக்கியவர்கள் சில இடங்களில் மரியாளைக்கூட விட்டுவிட்டு, குழந்தையையும் இந்த இரண்டு பிராணிகளையும் மட்டும் காட்டியிருக்கிறார்கள். ரோமில் மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் பெத்லகேம் தொட்டியின் மரத்துண்டுகள் என்று சிலவற்றைப் பல நூற்றாண்டுகளாக வைத்து வணங்குகிறார்கள். பதினோராம் நூற்றாண்டிலிருந்து சில மடங்களிலும் பேராலயங்களிலும் இடையர் வேடமிட்டுப் பாடும் வழக்கமும் இருந்தது. அந்த மாதிரிக் கூத்து எல்லை மீறுகிறது என்று 1207-இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் கோவிலுக்குள் நாடகம் ஆடுவதைக் கண்டித்து எழுதியும் இருக்கிறார்.

ஆக, பிரான்சிஸ் கொண்டுவந்த புதுசு என்ன? அதைச் சொல்ல அவருடைய இளவயதுக்குப் போகவேண்டும்.

துணி வியாபாரியின் மகன். கையில் காசு, தொண்டையில் பாட்டு. அசிசியின் இளவட்டங்கள் விருந்து வைத்தால் அவரைத்தான் தலைவராக்கி, கையில் ஒரு கோலைக் கொடுப்பார்களாம். செலவு பெரும்பாலும் அவருடையது. தின்று முடித்து ராத்திரியில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு ராத்திரியில் கூட்டம் முன்னே போய்விட, கோலோடு அவர் மட்டும் பின்தங்கி, இனம்புரியாத ஓர் இனிமை தாக்கி அசையாமல் நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்த தோழர்கள், எந்தப் பெண்ணை நினைத்து நிற்கிறாய் என்று கேலி செய்தார்கள்.

இதற்குப் பிறகு அவர் சொத்தை விட்டது, தொழுநோயாளரைத் தழுவியது, அப்பாவின் துணியை அப்பாவிடமே கழற்றிக் கொடுத்தது எல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் விடாதது. விருந்தாடியின் குணத்தை அவர் விடவில்லை. கீழே கிடக்கும் குச்சி ஒன்றை எடுத்து இடது கையில் பிடில் மாதிரி சாய்த்து, நூல் கட்டிய இன்னொரு குச்சியை வில்லாக வைத்து இழுத்து இழுத்து, பிரெஞ்சு மொழியில் ஆண்டவரைப் பாடுவாராம். சத்தமே வராத பிடில். பாட்டு பெரும்பாலும் கண்ணீரில் முடியும் என்று வரலாறு எழுதியவர் சேர்த்துச் சொல்கிறார்.

துறவிக்கு உம்மென்ற முகம்தான் லட்சணம் என்று நினைப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு, அந்த ஊரிலும் இருந்தார்கள். பிரான்சிஸ் அதை நோய் என்று பார்த்தார். 1221-இல் தம் துறவுச் சபைச் சகோதரர்களுக்காக எழுதிய ஒழுங்கில், வெளிப்பார்வைக்குத் துயரமாகவும் வேடதாரிகளைப் போல வாடியும் காட்டிக்கொள்ளாதீர்கள், ஆண்டவரில் மகிழ்வாய் இருங்கள் என்ற கருத்தை ஒரு கட்டளையாகவே சேர்த்திருக்கிறார். உண்ணும் விதம், உழைக்கும் விதம் இவற்றோடு ஒன்றாக மகிழும் விதமும். பசாசு தூசியைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறது, மனச்சாட்சியில் சின்ன விரிசல் கிடைத்தால் அதற்குள் தூவிவிடும் என்று அவர் சொல்லுவதுண்டு. மனம் சோர்ந்தால் உடனே ஜெபத்துக்கு ஓடு, மகிழ்ச்சி திரும்பும்வரை எழுந்திராதே என்பது அவருடைய வைத்தியம். மகிழ்ச்சி தானாக வருகிற வானிலை இல்லை, ஓட்டை அடைக்கிற அன்றாட வேலை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

1223-இல் அவருக்கு அந்த வேலை லேசாக இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே சபைத் தலைமையை விட்டு இறங்கியிருந்தார். சபை பெருகிவிட்டது, படித்தவர்கள் வந்துவிட்டார்கள், இத்தனை ஏழ்மை எதற்கு என்ற முணுமுணுப்பும் வந்துவிட்டது. அவர் எழுதிய ஒழுங்கு திருத்தப்பட்டு, சுருக்கப்பட்டு, அந்த வருஷம் நவம்பர் 29 அன்றுதான் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸின் கையொப்பத்தோடு வெளிவந்தது. உடம்பும் சரியில்லை. 1219-இல் சிலுவைப்போர்ப் படை எகிப்தின் தமியாத்தா கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, போர்க்களத்தைத் தாண்டிப்போய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசிவிட்டு வந்தவர் அவர். அந்தப் பயணத்திலிருந்து கண் நோயோடுதான் திரும்பினார்.

புதிய ஒழுங்கில் ஒரு விதி: புனிதர் அனைவர் திருநாளிலிருந்து கிறிஸ்து பிறப்புவரை சகோதரர்கள் ஒருசந்தி இருக்கவேண்டும். நவம்பர் ஒன்றிலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது நாளுக்கு மேல். கிரேச்சோவின் இரவை அந்தப் பசியின் மறுமுனையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

திருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அந்தப் பகுதியில் ஜொவான்னி என்ற செல்வாக்குள்ள மனிதரைக் கூப்பிட்டு அனுப்பினார். குலப் பெருமையைப் பெரிதாக நினைக்காதவர் என்பதால் அவர்மீது பிரான்சிஸுக்குத் தனிப் பிரியம். பெத்லகேமில் பிறந்த குழந்தையின் நினைவைக் கொண்டாட வேண்டும், அது பட்ட அசௌகரியத்தை, தொட்டியில் வைக்கோல்மேல் மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவே கிடந்த கிடப்பை, என் உடலின் கண்ணாலேயே ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வேண்டியதைத் தயார் செய்து வை என்றார்.

உடலின் கண்ணால். இதைக் கேட்டவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்றும் எனக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் பெத்லகேமைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்ட ஐரோப்பியனுக்கு இரண்டு வழி: யாத்திரைக் கப்பல், அல்லது படைக் கப்பல். தமியாத்தாவைப் பிடித்து, இரண்டே வருஷத்தில் பறிகொடுத்த அந்தப் போரின் பிணங்களைப் பிரான்சிஸ் நேரில் கண்டிருந்தார். அவர் மூன்றாவது வழியாகப் பக்கத்து ஊர்த் தொழுவத்தைத் தேர்ந்தெடுத்தார். போரை நினைத்துத்தான் அப்படிச் செய்தார் என்று எந்த நூலும் சொல்லவில்லை. இது என் ஊகம். ஆனால் கிரேச்சோ அன்றிரவு புதிய பெத்லகேம் ஆயிற்று என்று முதல் வரலாற்றாசிரியரே எழுதியிருக்கிறார்.

அந்த ஆசிரியர் செலானோ ஊர்த் தோமா, பிரான்சிஸின் சபையைச் சேர்ந்தவர். 1228-இல் பிரான்சிஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி கேட்டுக்கொண்டபடி எழுதியவர். நிகழ்ச்சி நடந்து ஐந்தாறு வருஷத்துக்குள் எழுதியது என்பதால் அதில் வாசனைகூடப் போகாமல் இருக்கிறது.

சுற்றுவட்டார மக்கள், ஆணும் பெண்ணுமாக, தங்களிடம் இருந்த மெழுகுதிரிகளையும் பந்தங்களையும் ஏற்றிக்கொண்டு மலையேறி வந்தார்கள். காடு குரல் கொடுத்தது, பாறை பதில் பாடியது என்று எழுதுகிறார் தோமா. தொட்டி தயாராக இருந்தது. வைக்கோல் கொண்டுவந்து போட்டார்கள். மாட்டையும் கழுதையையும் நடத்தி வந்து நிறுத்தினார்கள். தொட்டியின் மேலேயே பீடம் வைத்துப் பூசை நடந்தது. பிரான்சிஸ் குருவானவர் இல்லை, தியாக்கோன். அதற்குரிய உடுப்பு அணிந்து நற்செய்தியைப் பாடினார். பிறகு பிரசங்கம் செய்தார்.

அந்தப் பிரசங்கத்தின் ஒரு முழு வரிகூட நம் கைக்கு வரவில்லை. வந்திருப்பது அதன் ஒலி. இயேசு என்று சொல்லவேண்டிய இடத்தில் 'பெத்லகேம் குழந்தை' என்பாராம். 'பெத்லகேம்' என்ற சொல் வரும்போது ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி 'பே...' என்று இழுப்பாராம். அந்தப் பெயரைச் சொன்னதும் நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வாராம், இனிப்புத் தின்ற பிள்ளை மாதிரி. நாற்பது தாண்டிய, வயிறு ஒட்டிய, கண் மங்கிய ஒரு துறவி, நடுக்காட்டில், ஊர் பார்க்க ஆட்டுக்குட்டியாகக் கத்துகிறார். யாராவது சிரித்திருப்பார்களா? சிரித்திருக்கவேண்டும். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கு ஒரு காட்சி தெரிந்தது. காலித் தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடக்கிறது. பிரான்சிஸ் கிட்டே போனதும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து கண் விழிக்கிறது. தோமா இதற்கு ஒரு விளக்கமும் தருகிறார்: பலருடைய இதயத்தில் அந்தக் குழந்தை மறக்கப்பட்டுக் கிடந்தது, அன்று எழுப்பப்பட்டது. பார்த்தவர் அந்த ஜொவான்னியேதான் என்று, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பிரான்சிஸின் வரலாற்றை எழுதிய பொனவெந்தூர் சொல்கிறார். பிரான்சிஸ் பாப்பரசரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார் என்ற தகவலும் பொனவெந்தூரிடம்தான் வருகிறது. 1207-இன் கண்டிப்பு ஞாபகம் இருந்தால் அந்த முன்ஜாக்கிரதை விளங்கும்.

பூசை முடிந்தது, எல்லோரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். வைக்கோலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சீக்குப் பிடித்த மாடுகளுக்கு அதைத் தின்னக் கொடுத்தார்கள், குணமாயின. பிரசவம் கஷ்டமான பெண்களின் மேல் வைத்தார்கள், சுகமாகப் பெற்றார்கள். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. அந்த ஊரார் எதை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது: மாடும் பிரசவமும். அதே ஊரில் முன்பு ஓநாயும் ஆலங்கட்டி மழையும் வந்து வருஷா வருஷம் அழித்துக்கொண்டிருந்ததாகவும் தோமா இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறார். சும்மா இருந்து கொண்டாட வந்தவர்கள் இல்லை.

கிறிஸ்து பிறப்பு விஷயத்தில் பிரான்சிஸ் செய்த அட்டகாசம் அந்த ஒரு ராத்திரியோடு நிற்கவில்லை. ஒரு வருஷம் திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளி என்றால் சுத்தபோசனம்; இறைச்சி ஆகாது. மொரிக்கோ என்ற சகோதரர் அதை எடுத்துச் சொன்னார். பிரான்சிஸுக்குக் கோபமே வந்துவிட்டது. குழந்தை பிறந்த நாளைப் போய் வெள்ளிக்கிழமை என்று அழைப்பதா? இன்றைக்குச் சுவர்கூட இறைச்சி தின்னவேண்டும், தின்ன முடியாவிட்டால் வெளிப்புறத்திலாவது பூசிவிடுங்கள் என்றார். ஏழைகளுக்குப் பணக்காரர்கள் வயிறாரப் போடவேண்டும். மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகமாகத் தீனி வைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அரசரை மட்டும் ஒருமுறை நேரில் பார்க்கக் கிடைத்தால், திருநாளன்று எல்லோரும் வழியெங்கும் தானியம் இறைக்கவேண்டும், பறவைகள், முக்கியமாக என் சகோதரி வானம்பாடிகள், நிறையத் தின்னவேண்டும் என்று சட்டம் போடச் சொல்வேன் என்பாராம்.

அப்போது அரசராக இருந்தவர் பேரரசர் இரண்டாம் பிரெடரிக். பறவைகள்மீது அவருக்கும் அபார ஈடுபாடு. வல்லூறைப் பழக்கிப் பறவை பிடிப்பது எப்படி என்று ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். விண்ணப்பம் அவர் கைக்குப் போய்ச் சேராமலிருந்தது வானம்பாடிகளுக்கு நல்லதா கெட்டதா தெரியவில்லை.

சுவருக்கு இறைச்சி பூசச் சொன்ன இதே ஆள்தான் அதே கிரேச்சோவில் இன்னொன்றும் செய்தார். ஒரு பெருவிழா நாள். ஒரு நூல் பாஸ்கா என்கிறது, மற்றொன்று கிறிஸ்து பிறப்பு என்கிறது. சகோதரர்கள் மேசையை உயர்த்திப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக் குவளைகள் வைத்துப் பந்தியை ஜோடித்திருந்தார்கள். தம் சிற்றறையிலிருந்து இறங்கி வந்த பிரான்சிஸ் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே போனார். அன்று அங்கே வந்திருந்த ஓர் ஏழையின் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, கோலை ஊன்றி, எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தபின் வாசலில் நின்று, ஆண்டவர் பேரால் இந்தப் பரதேசிக்குப் பிச்சை போடுங்கள் என்று குரல் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னார்கள். தட்டை வாங்கிக்கொண்டு தரையில், அடுப்பங்கரைச் சாம்பல் பக்கம் உட்கார்ந்து தின்றார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். சுவருக்குக்கூட இறைச்சி, ஆனால் மேசைக்கு வெள்ளைத் துணி ஆகாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இறைச்சியும் தானியமும் அவர் கணக்கில் பிறருக்குப் போய்ச் சேருகிறவை: ஏழை, மாடு, கழுதை, வானம்பாடி, கடைசியில் சுவர். வெள்ளைத் துணி உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும். இளவயதில் அசிசித் தெருவில் கோல் பிடித்து நடத்திய விருந்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பந்தியின் பரிசாரகர் மாறவில்லை. வாசலைத் திறந்து வைத்துவிட்டார்.

கிரேச்சோ இரவுக்கு மறு வருஷம் செப்டம்பரில் லா வெர்னா மலையில் அவருக்கு ஐந்து காய வரம் கிடைத்ததாக வரலாறு சொல்கிறது. 1225-இல் கண் முழுக்க மங்கி, வெளிச்சம் பட்டாலே வலிக்கிற நிலையில், எலிகள் ஓடும் ஒரு குடிசையில் படுத்துக்கொண்டு சூரியனைச் சகோதரனாகவும் நிலாவைச் சகோதரியாகவும் ஆக்கிப் பாட்டுக் கட்டினார். தம் சகோதரர்கள் ஊர் ஊராகப் போய் அதைப் பாடிவிட்டு, நாங்கள் ஆண்டவரின் பாணர்கள், எங்களுக்குச் சன்மானம் உங்கள் மனமாற்றம் என்று சொல்லவேண்டும் என விரும்பினார். 1226 அக்டோபர் 3 சாயங்காலம் இறந்தார். வெளிச்சத்தை விரும்பி இருட்டுக்கு அஞ்சும் வானம்பாடிகள் அன்று இருட்டுகிற நேரத்தில் அவர் கிடந்த வீட்டுக் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தோமா எழுதிய குடில் கதை அதன்பின் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். 1266-இல் பாரிஸில் கூடிய சபைப் பேரவை, பொனவெந்தூர் எழுதிய வரலாறு ஒன்றே போதும், அதற்கு முந்தையவற்றை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. தோமாவின் ஏடுகளும் அதில் அடக்கம். சபைக்கு வெளியே, வேறு மடங்களின் நூலகங்களில் தப்பிய சில படிகளால் தோமாவின் நூல் பிழைத்தது. அச்சில் அது வந்தது 1768-இல்தான். பொனவெந்தூரிடம் கிரேச்சோ உண்டு. ஆட்டுக்குட்டிக் குரலும் உதடு தடவலும் கிடையாது. அவர் பெரிய இறையியலாளர். அதை அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

பொம்மைகள் வந்தது பிறகு. சித்திரக்காரர்களே முதலில் இடத்தை மாற்றிவிட்டார்கள்: அசிசிப் பேராலயத்தின் சுவரில் ஜோத்தோ வரைந்ததாக வெகுகாலம் சொல்லப்பட்டுவரும் ஓவியத்தில் கிரேச்சோ இரவு அழகான கோவிலுக்குள்ளே நடக்கிறது, பெண்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்கள், பிரான்சிஸ் கையில் ஒரு குழந்தையும் இருக்கிறது. பிரான்சிஸின் சபையிலிருந்து பாப்பரசரான முதல் ஆள் நான்காம் நிக்கோலாஸ். அவர் காலத்தில், 1290-ஐ ஒட்டி, சிற்பி அர்னோல்ஃபோ தி காம்பியோ மரியா மஜ்ஜோரே ஆலயத்துக்காகக் கல்லில் ராஜாக்களையும் சூசையப்பரையும் மாட்டையும் கழுதையையும் செதுக்கினார். சில சிற்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் குடில் அரசவைப் பொழுதுபோக்காகி, பட்டுச்சட்டைப் பொம்மைகளும் மீன்கடையும் பழக்கடையும் சேர்ந்துகொண்டன. குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். நேப்பிள்ஸில் சான் கிரெகோரியோ அர்மேனோ என்று ஒரு தெரு முழுக்க இன்றும் குடில் பொம்மைக் கடைகள். ஆஸ்திரியாவில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு கோவில்களில் குடில் வைக்கக்கூடாது என்று தடுத்தார், ஜனங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் கோவில் கதவுகள் சாத்தப்பட்டபோது மார்சேய் நகரத்து லாஞ்யேல் என்ற கைவினைஞர் மலிவான களிமண் பொம்மைகளை அச்சில் வார்க்க ஆரம்பித்தார். சாணை பிடிப்பவர், வண்ணாத்தி, ரொட்டிக்காரர் என்று ஊர்க்காரர்கள் எல்லாம் தொட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். தடை போட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும் போலிருக்கிறது. கோவிலில் இருந்ததை வீட்டுக்கு அனுப்பியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நம் வீடுகளில் இதை விளக்கவே வேண்டியதில்லை. நவராத்திரிக் கொலு பார்த்து வளர்ந்த ஊரில் படி கட்டிப் பொம்மை அடுக்குவது புது வித்தை இல்லை. கொலுவில் செட்டியாரும் செட்டிச்சியும் உட்காருவது போல, நம் குடிலில் ஆட்டுக்கல்லும் கிணறும் தென்னையும் தாமாக வந்து சேர்ந்திருக்கின்றன. குளிர்நாட்டுக் குடிலைப் பார்த்துப் பஞ்சைப் பிய்த்துப் பனி தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். மார்கழி வெயிலில் அந்தப் பஞ்சு மதியத்துக்குள் பழுப்பாகிவிடும். கேழ்வரகு நாற்று மட்டும் தண்ணீர் தெளித்தால் நிமிர்ந்துகொள்ளும். குடிலில் உயிரோடு இருக்கிற ஒரே பொருள் அதுதான். கிரேச்சோவுக்குச் சொந்தம் கொண்டாட அதற்குத்தான் உரிமை.

2019 டிசம்பர் முதல் தேதி, அசிசிப் பிரான்சிஸின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்ட பாப்பரசர் பிரான்சிஸ் கிரேச்சோவுக்குப் போய், குடிலைப் பற்றி ஒரு திருத்தூது மடல் எழுதிக் கையெழுத்திட்டார். 2023-இல் அந்த இரவுக்கு எண்ணூறு ஆண்டு நிறைந்தது.

எங்கள் கோவிலில் ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் குடிலைப் பிரிப்பார்கள். மலையை மடித்துச் சாக்கில் கட்டுவார்கள். கண்ணாடிக் குளத்தைச் செய்தித்தாளில் சுற்றுவார்கள். குழந்தை மறுபடியும் பட்டுத் துணிக்குள் போகும். வைக்கோலை மட்டும் எடுத்துவைப்பதில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் ஒருவர், எங்கள் மதத்தவர் இல்லை, சைக்கிள் கேரியரில் கயிறோடு வந்து காத்திருப்பார். தருமம் கேட்கிற தோரணை இருக்காது. வருஷா வருஷம் வாங்குகிற உரிமைப்பட்டவரின் நிதானம் இருக்கும். தொட்டியில் கிடந்ததையும் கூரையில் வேய்ந்ததையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார். கிளம்புமுன் கட்டை அவிழ்த்து ஒருதரம் உதறி, உள்ளே சிக்கியிருக்கும் ஜிகினாத் தாளையும் நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் படிக்கட்டில் வைப்பார். மாட்டின் வயிற்றுக்கு ஆகாது என்பார்.